குட்டி போட்ட முயலுக்கும் மேஜையில் இடம் வேண்டும்

விழாக்குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும், முயல் பிரிவுக்கு நடுவராக வரும் ஐயா அவர்களுக்கும் வணக்கம்.

போன தை மாதம் நீங்கள் நடத்திய கால்நடைக் கண்காட்சியில் என் முயல் மேஜையில் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அன்றைக்கு வந்த முயல்கள் நிறைய. என்னுடையது வெள்ளை நியூசிலாந்து இனம், பெண், இரண்டு வயது. நடுவர் ஐயா அதை மல்லாத்திப் பிடித்தார். வயிற்றைப் பார்த்தார். "குட்டி போட்டதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க? வயிறெல்லாம் சொட்டையா இருக்கே. அழகு போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஐயா கோபமாகப் பேசவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர்ப் பேரையோ குழுவின் பேரையோ இதில் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். இந்தக் கடற்கரையில் வேறு ஊர்களில் முயல் கட்டியவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன், எல்லா இடத்திலும் இதே கதைதான் என்றார்கள். அதனால் ஒரு குழுவுக்கு எழுதும் கடிதமாக இருந்தாலும் எல்லாரும் படிக்கட்டும் என்று வெளியில் வைக்கிறேன்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்குப் போக்கு கிடையாது, வீட்டுக்கு வரவும் கிடையாது. அந்தக் காலத்துச் செலவுக்கு ஆகும் என்றுதான் முயல் வைத்தோம். இப்போது பனை ஓலைக் கொட்டகையின் கீழ் பதினான்கு கூண்டு இருக்கிறது. குட்டி விற்கிறேன், கறிக்கும் கொடுக்கிறேன். புழுக்கையை எங்கள் ஊரில் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்கள் சாக்குச் சாக்காக வாங்கிப் போகிறார்கள். சில மாதம் கறியைவிடப் புழுக்கையில்தான் கையில் காசு நிற்கிறது. அது தனிக் கதை.

மேஜையிலிருந்து இறக்கப்பட்ட முயலின் பேர் சோழி. சின்னதில் உருண்டையாக, வழுவழுவென்று கிடந்ததால் என் மகள் வைத்த பேர். போன தை வரைக்கும் நான்கு ஈற்று. பால் மறக்கடிக்கும் வரை உயிரோடு நின்ற குட்டிகள் 26. எங்கள் மணலிலும் புழுக்கத்திலும் இது நல்ல கணக்கு. முயல் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சொட்டை வயிறு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முயல் சினை ஏறக்குறைய 31 நாள். நாள் நெருங்கும்போது தாய் முயலுக்கு வயிற்று முடி தானாக இளகிவிடும். அது வாயாலேயே பிடுங்கும். வயிறு, விலாவின் அடிப்பக்கம், கழுத்தில் தொங்கும் அலைதாடி என்று எங்கே எட்டுகிறதோ அங்கெல்லாம் பிடுங்கி, குட்டிப் பெட்டிக்குள் நாம் போட்ட தென்னை நாரோடு சேர்த்துக் குழைத்து மெத்தை செய்யும். பிறக்கும்போது குட்டிக்கு உடம்பில் முடி கிடையாது. கண்ணும் திறந்திருக்காது, பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ஒவ்வொன்றும் 50 கிராம் இருந்தால் பெரிது. வாடைக் காற்று அடிக்கிற கார்த்திகை ராத்திரியில் அந்த முடி மெத்தை இல்லாவிட்டால் விடிவதற்குள் விறைத்துப் போகும். முடி பிடுங்கியதால் இன்னொரு காரியமும் ஆகிறது. காம்புகள் வெளியே தெரியும், கண் தெரியாத குட்டி தடவித் தேடாமல் கவ்விக்கொள்ளும். முதல் ஈற்றில் சில பெண் முயல் முடி பிடுங்காமல் கம்பி வலையிலேயே குட்டியைப் போட்டுவிடும். அந்த மாதிரி நாளில் நான் மற்ற பெட்டிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடி கடன் வாங்கி வைத்திருக்கிறேன். நிறைய முடி பிடுங்குகிற தாயைக் கண்டால் எங்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். உங்கள் மேஜையில் அதே முயலுக்குத்தான் மார்க் போகிறது.

அடுத்தது பால். தாய் முயல் குட்டிப் பெட்டிக்குள் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காது. பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை, மூன்று நான்கு நிமிடம், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடத்தில் இறங்குகிற பால் மாட்டுப் பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு புரதமும் கொழுப்பும் உள்ளது. மூன்றாவது வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். எட்டுக் குட்டி குடிக்கிற தாய்க்கு அந்த வாரம் எவ்வளவு தீனி வைத்தாலும் காணாது. அகத்தியும் வேலிமசாலும் வாரி வைத்து, மேலே கலப்புத் தீவனமும் போட்டால்கூட முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். எங்கள் கிணறு உப்பு. வீட்டுக்கு வாங்குகிற நல்ல தண்ணீர்க் குடத்தில் பங்கு கொடுத்துத்தான் பால் குடுக்கிற முயலை வைத்திருக்கிறோம். மாமியார் முதலில் திட்டினார்கள். இப்போது அவர்களே ஊற்றுகிறார்கள்.

ஆக, வயிற்றில் முடி இல்லை, முதுகில் சதை இல்லை, காம்பு பெருத்திருக்கிறது, அலைதாடி தொங்குகிறது. இந்த நாலையும் நீங்கள் குறை என்று எழுதுகிறீர்கள். நாலுமே அந்த முயல் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கு அடையாளம். அலைதாடி விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. வயசுக்கு வந்த பெண் முயலுக்கு அது வரத்தான் செய்யும், பெரிய இனங்களில் நன்றாகவே வரும். போன வருஷம் ஒருவருக்கு அதைத் "தொண்டை வீக்கம்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாவம், அவர் அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

சரி, முயல் கண்காட்சியைப் பெரிதாக நடத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1910-ல் ஆரம்பித்த ஒரு முயல் வளர்ப்போர் சங்கம் இன்றும் இருக்கிறது. நாம் நியூசிலாந்து என்று சொல்கிற இந்த வெள்ளை முயலே, பேர் எப்படி இருந்தாலும், அமெரிக்காவில் உருவான இனம்தான். அவர்கள் போட்டியில் பெரிய இனங்களை வயதை வைத்துப் பிரிக்கிறார்கள்: 6 மாதத்துக்கு உட்பட்டது ஜூனியர், 6 முதல் 8 மாதம் வரை இடைநிலை, 8 மாதம் தாண்டினால் சீனியர். சீனியர் நியூசிலாந்து பெண் என்றால் நாலரைக் கிலோவிலிருந்து 5.4 கிலோ வரை. ஆண் அதைவிடக் கால் அரைக் கிலோ குறைவு. பெண்ணுக்கு அலைதாடி இருக்கலாம் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். குட்டி போட்டதா போடாததா என்று பிரிப்பு எதுவும் கிடையாது. அதற்காக அங்கே குட்டி போட்ட முயல் எல்லாம் பரிசு வாங்குகிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அங்கேயும் முடியும் சதையும் திரும்பி வந்த பிறகுதான் கொண்டு வருகிறார்கள். சிலது ஒரு முடி உதிர்வு முடிந்தவுடன் பழையபடி ஆகிவிடும். சிலது ஆகவே ஆகாது, அதை வளர்த்தவர் போட்டிக்குக் கொண்டு வருவதை விட்டுவிடுவார். ஆனால் குட்டி போட்டாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது கிடையாது. மேஜையில் வைத்துத் தடவிப் பார்த்து, இன்றைக்கு இருக்கிற நிலையைச் சொல்வார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். உங்கள் கண்காட்சியிலேயே பக்கத்துப் பந்தலில் மாடு நிற்கிறது. கிடேரிக்கு ஒரு பரிசு, கறவைக்கு ஒரு பரிசு. கறவை மாட்டைப் பார்த்து "கன்று போட்டதால் மடி தொங்குகிறது" என்று யாராவது மார்க் குறைத்தீர்களா? மடியைத் தடவி, பால் நரம்பைப் பார்த்து, எத்தனையாவது ஈற்று என்று கேட்டு அதற்குத்தான் மார்க் போடுகிறீர்கள். அதற்கு அடுத்த பந்தலில் ராமநாதபுரம் வெள்ளை ஆடு. அங்கேயும் இரட்டைக் குட்டி போட்ட தாயாடு என்றால் கூட்டம் கூடி நின்று பார்க்கிறது. முயல் பந்தலுக்கு வந்தால் மட்டும் கன்னி முயல்தான் அழகு.

இதனால் என்ன கெட்டுப்போகிறது, ஒரு பரிசுச் சால்வைதானே என்று நீங்கள் கேட்கலாம். சால்வைக்காக எழுதவில்லை. உங்கள் மேஜையில் ஜெயிக்கிற முயலைத்தான் ஆள்கள் குட்டி எடுக்க வாங்கிப் போகிறார்கள். போட்டிக்கென்றே சிலர் பெண் முயலை ஒன்பது மாதம், பத்து மாதம் வரை ஆணிடம் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆறு ஏழு மாதத்தில் இணை சேர்த்திருக்க வேண்டியது. தீனி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்குமாக. முடி பளபளவென்று இருக்கும், தொட்டால் மெழுகு மாதிரி. உள்ளே குடலைச் சுற்றிக் கொழுப்பு கட்டியிருக்கும். தேவிபட்டினம் பக்கம் எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி அப்படி முதல் பரிசு வாங்கிய முயலை நல்ல விலை கொடுத்து வாங்கினாள். மூன்று தடவை ஆணிடம் விட்டாள், சினை நிற்கவில்லை. மாடு மாதிரி முயலுக்குப் பருவம் வந்து கத்துகிற வழக்கம் கிடையாது. இணை சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் கருமுட்டையே இறங்கும். அதனால் முயல் என்றாலே தொட்டதும் சினை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் குழம்பிப் போனாள். நாலாவது தடவை நின்றது. இரண்டே குட்டி, இரண்டும் பெரிசாகி உள்ளேயே செத்துப் பிறந்தது. "பரிசு முயல்னுதானேக்கா வாங்கினேன்" என்று என்னிடம் அழுதாள். பரிசு கொடுத்தவர்களிடம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

அடுத்தது தேதி. இதுதான் நீங்கள் மனசு வைத்தால் உடனே மாற்றக்கூடியது.

நம் பக்கத்தில் முயல் குட்டி எடுக்கிற காலம் வேறு, மலையில் எடுக்கிற காலம் வேறு. கொடைக்கானல் மன்னவனூரிலும் நீலகிரி சாண்டிநல்லாவிலும் அரசுப் பண்ணைகளில் முயல் வைத்திருக்கிறார்கள். அங்கே குளிர் உண்டு, கொட்டகையில் நினைத்த மாதம் குட்டி எடுக்கலாம். நமக்குச் சித்திரை தொடங்கிவிட்டால் முயலும் நாமும் ஒரே மாதிரி மூச்சு வாங்க வேண்டியதுதான். முயலுக்கு வேர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். வெயில் 30 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால் ஆண் முயலின் விந்து கெட்டுப்போகும், தேறி வர இரண்டு மாதம்கூட ஆகும். 35-ஐத் தாண்டினால் சினை முயல் உயிர் பிழைப்பதே பெரிய பாடு. மதியத்துக்கு ஐஸ் கம்பெனியிலிருந்து மீனுக்கு வாங்குகிற ஐஸில் பாட்டிலைப் புதைத்து வைத்து, குளிர்ந்ததும் கூண்டுக்குள் போடுகிறோம். முயல் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மணல் பறந்து கண்ணில் விழுவது தனித் தொல்லை. அதனால் ஆடி ஆவணி வரை ஆணைத் தொந்தரவு செய்ய மாட்டோம். முதல் மழை விழுந்து, ஐப்பசியில்தான் நம்பி இணை சேர்க்க முடிகிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஐப்பசிக் கடைசியில் இணை சேர்த்தால் கார்த்திகைக் கடைசியில் குட்டி. நாற்பது நாள் பால் குடித்தால் தை முதல் வாரம் பால் மறக்கடிப்போம். உங்கள் கண்காட்சி தை மூன்றாம் வாரம். சோழியை நீங்கள் பார்த்தது குட்டியைப் பிரித்துப் பன்னிரண்டே நாள் கழித்து. முடி அப்போதுதான் பஞ்சு மாதிரி முளைத்துக்கொண்டிருந்தது. நல்ல பருவத்தில் குட்டி எடுத்தால் உங்கள் மேஜையில் தோற்க வேண்டும். உங்கள் மேஜையில் ஜெயிக்க வேண்டுமென்றால் வருஷத்தின் நல்ல பருவத்தைக் கூண்டில் சும்மா கழிக்க வேண்டும். வேறு வழி கிடையாது. பொங்கலை ஒட்டி மாட்டுக்கு விழா எடுப்பது நம் வழக்கம், அதில் நான் கை வைக்கவில்லை. முயல் பிரிவை மட்டும் மாசிக் கடைசி அல்லது பங்குனி முதல் வாரத்துக்கு மாற்றுங்கள் என்கிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். வெயிலும் ஏறியிருக்காது.

இவ்வளவு சொல்லிவிட்டு என் தப்பைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு யோக்கியதை கிடையாது.

சோழியின் தாய்க்கு வெள்ளச்சி என்று பேர். அதுதான் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த முயல். அதன் அழகைப் பார்த்து எல்லாரும் ஆசை ஏற்றிவிட்டார்கள். அந்த வருஷக் கண்காட்சி வந்தபோது வெள்ளச்சி எட்டுக் குட்டி போட்டு ஒன்பது நாள். நாளுக்கு ஒரு தடவைதானே பால் குடுக்கிறது, காலையில் குடுத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், முயலுக்குத்தான் கணக்கு தெரியாது. விடியற்காலையில் கூடையில் வைத்து ஷேர் ஆட்டோவில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போதே காற்றுக்கும் லாரிச் சத்தத்துக்கும் அது நடுங்க ஆரம்பித்துவிட்டது. பந்தலில் ஆண் முயல் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் தொடவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்தோம். மடி கல் மாதிரி இறுகி, சூடாக இருந்தது. குட்டியைக் காம்பில் வைத்தால் உதைத்தது. மறுநாளும் பால் விடவில்லை. ஆட்டுப் பாலை சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தோம். எட்டில் மூன்று நின்றது. அந்த மூன்றில் ஒன்றுதான் சோழி.

அன்றைக்கு எனக்கு ஆறுதல் பரிசு என்று ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தீர்கள். அந்தக் கிண்ணத்தில்தான் இன்றைக்கும் தவிடு அளக்கிறேன்.

அதனால் பால் குடுக்கிற முயலை மேஜைக்கு விடுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பெட்டியில் குட்டி இருக்கிற தாயை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள். என்னை அன்றைக்கு யாராவது அப்படித் திருப்பியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு உள்ளே விட்டீர்கள், வயிற்றைப் பார்த்து மார்க்கை மட்டும் குறைத்தீர்கள். இரண்டு வருஷம் கழித்து, குட்டியைப் பிரித்து ஓய்வில் இருந்த சோழியையும் அதே காரணம் சொல்லி இறக்கிவிட்டீர்கள். தாயைக் காப்பாற்ற ஒரு விதி இல்லை, ஒதுக்குவதற்கு மட்டும் ஒரு கண் இருக்கிறது.

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். தாய் முயல் என்று தனியாக ஒரு பிரிவு வையுங்கள். கன்னி முயல் பிரிவு இருக்கட்டும், அதில் எட்டு மாதம் தாண்டியதைச் சேர்க்காதீர்கள். தாய் முயல் பிரிவில் நிற்க வேண்டுமானால் குட்டி போட்டு 75 நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்று வையுங்கள். நாற்பது நாள் பால், அதற்குப் பிறகு ஐந்து வாரம் தேறுவதற்கு. மறுபடி சினை பிடித்து இரண்டு வாரம் தாண்டிய முயலும் வர வேண்டாம், வண்டிக் குலுக்கலில் கலைந்துவிடும். சினை இருக்கிறதா என்று பார்க்க நடுவர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். பன்னிரண்டு பதினான்கு நாளில் விரலுக்கு நாவல்பழம் மாதிரி தட்டுப்படும் என்று எல்லாரும் சொல்வார்கள். பழகாத கை அமுக்கினால் அந்தப் பழம் நசுங்கும். கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

முயலோடு ஒரு அட்டை வரட்டும். இணை சேர்த்த தேதி, குட்டி போட்ட தேதி, பிறந்தது எத்தனை, பால் மறக்கடிக்கும் நாளில் நின்றது எத்தனை. நாங்கள் கூண்டுக்கு வெளியே எப்படியும் தொங்கவிட்டிருக்கிறோம். பொய் எழுதுவார்களே என்பீர்கள். எழுதுவார்கள்தான். இரண்டு தாய் ஒரே ராத்திரி போட்டால் குட்டியை மாற்றி வைப்பது நாங்களே செய்கிறதுதானே, கணக்குக் கொஞ்சம் இடம் மாறும். அதனால் அட்டைக்குப் பாதி மார்க், முயலுக்குப் பாதி மார்க் என்று வைத்துக்கொள்ளலாம். குலத்தில் வந்த குணம் அட்டையில் தெரியும், பராமரிப்பு முயலில் தெரியும்.

முயலுக்குப் போடுகிற அந்தப் பாதி மார்க்கில் எங்களுக்குச் சலுகை வேண்டாம். கறாராகப் பாருங்கள். பின்னங்காலைத் தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். கம்பி வலையிலேயே கிடந்து பாதம் புண்ணாகியிருந்தால் தள்ளிவிடுங்கள், நடுவில் ஒரு பலகை போட்டிருந்தால் அது வந்திருக்காது. காதுக்குள் சொறி இருந்தாலும், மூக்கு ஒழுகி முன்னங்கால் முடி ஒட்டியிருந்தாலும் பந்தலுக்குள்ளேயே விடாதீர்கள், மற்றதுக்கும் ஒட்டும். பல்லைப் பாருங்கள். காம்பைத் தடவி, ஒரு இடத்திலாவது கட்டி இருந்தால் அது மடிவீக்கம் வந்து போன முயல், பரிசு கொடுக்கக் கூடாது. வெள்ளை முயலின் பின்பக்கம் மஞ்சள் கறை இருந்தால் எங்களைத்தான் திட்ட வேண்டும். முதுகெலும்பைத் தடவி, குட்டி பிரித்து ஐந்து வாரமாகியும் சதை ஏறவில்லை என்றால் அது எங்கள் தீனியின் குறை, அதற்கும் மார்க் குறையுங்கள். வயிற்று முடி மட்டும் கொஞ்சம் குட்டையாக, புதுசாகத் தெரியும். பழைய முடிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கோடு மாதிரி இருக்கும். அதை மட்டும் விட்டுவிடுங்கள். அலைதாடியையும்.

இதையெல்லாம் தடவிப் பார்த்துச் சொல்லத் தெரிந்த கை வேண்டும். ராமநாதபுரத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. நடுவராக வருகிறவர்களுக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டால் மறுக்கவா போகிறார்கள். மாடு பார்த்தவர், கோழி பார்த்தவர் எல்லாம் முயலுக்கும் நடுவராக உட்காருவதால் வருகிற வினைதான் பாதி. ஐயா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பந்தலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆண் கூண்டும் பெண் கூண்டும் எதிரெதிராக வேண்டாம். மேஜையில் வழுக்குகிற ரெக்சின் விரிப்புக்குப் பதில் சாக்கு விரித்தால் முயல் பதறாமல் நிற்கும். தண்ணீர் நல்ல தண்ணீராக வேண்டும். போன தடவை வைத்திருந்த டிரம்மில் உப்புக் கரித்தது, ஒரு முயலும் வாய் வைக்கவில்லை. பெண்களுக்கு ஒரு மறைப்பும் இல்லாமல் நாள் முழுக்க நிற்க வைத்ததைப் பற்றியும் எழுதலாம்தான், அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும்.

ஒரு அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தாய் முயல் பிரிவு வைத்தால் யார் வருவார்கள், கூட்டம் வெள்ளை வெளேர்னு இருக்கிற முயலைப் பார்க்கத்தானே வருது?" வரட்டும், பார்க்கட்டும். கூடவே பக்கத்துக் கூண்டில் தாயையும், அது வளர்த்த மூன்று மாதக் குட்டிகளில் இரண்டையும் வையுங்கள். வாங்க வந்தவர் எந்தக் கூண்டுக்கு முன்னால் அதிக நேரம் நிற்கிறார் என்று நீங்களே பாருங்கள். எங்கள் வீட்டுக்குக் குட்டி வாங்க வருகிறவர்கள் யாரும் முதலில் குட்டியைப் பார்ப்பதில்லை. "தாயைக் காட்டுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

தை முடிந்த பிறகு சோழி இன்னொரு ஈற்றுப் போட்டது, ஏழு குட்டி. சித்திரையில் பிரித்துவிட்டேன். இப்போது வைகாசி வெயிலில் ஐஸ் பாட்டிலில் சாய்ந்துகொண்டு படுத்திருக்கிறது. வயிறு முழுக்க முடி நிறைந்துவிட்டது, போன வாரம் தடவிப் பார்த்தேன், கோடுகூடத் தெரியவில்லை. இனி இணை சேர்ப்பது ஐப்பசியில்தான். கண்காட்சித் தேதியை நீங்கள் புரட்டாசிக்குள் முடிவு செய்து சொல்லிவிட்டால், 31 நாளும் 75 நாளும் பின்னால் எண்ணி, அதற்குத் தகுந்த மாதிரி அதை ஆணிடம் விடுவேன். ஒரு போஸ்ட் கார்டு போட்டாலும் போதும், ஃபோன் பண்ணினாலும் சரி. நம்பர் போன வருஷத்து நுழைவுச் சீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்தில் முயல் வளர்க்கும் உங்கள் சகோதரி